"குழந்தை எப்படி இருக்கு?" எல்லாரும் கேக்குறாங்க... அம்மா எப்படி இருக்காங்க? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் செவிலியர் என்ன செய்ய முடியும்?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். புதன்கிழமை காலை, கிராமத்து துணை சுகாதார நிலையம். ஆறாவது வார தடுப்பூசிக்காக கைக்குழந்தைகளோடு ஏழெட்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செவிலியர் ஒரு குழந்தையின் எடையைப் பார்க்கிறார். நல்ல எடை. ஊசி போட்டாச்சு, அட்டையில் அடுத்த தேதியும் எழுதியாச்சு. "பால் நல்லா குடிக்குதா?" என்று கேட்கிறார். பதில் சொல்வது பக்கத்தில் நிற்கும் பாட்டி. "அதெல்லாம் நல்லா குடிக்குது சிஸ்டர்." குழந்தையின் அம்மா ஒரு வார்த்தைகூட பேசவில்லை. ஊசி வலியில் குழந்தை வீறிட்டு அழுதபோதும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இதோடு முடிந்துவிட்டால், குழந்தையின் அட்டையில் எல்லாம் சரியாக இருக்கும். அந்தப் பெண் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் செவிலியர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால்? "குழந்தை நல்லா இருக்கு. நீ எப்படிம்மா இருக்க?"

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான சிகிச்சை பல நேரங்களில் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அது என்ன நோய், எப்படி கண்டுபிடிப்பது, செவிலியர்கள் அதில் என்ன செய்ய முடியும், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

மூன்றும் ஒன்றல்ல

பிரசவமான பெண் அழுதாலே "டிப்ரஷன்" என்று சொல்லிவிடுபவர்களும் உண்டு. "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனநலப் பிரச்னைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'பேபி ப்ளூஸ்' எனப்படும் தற்காலிக மனவாட்டம். குழந்தை பிறந்த மூன்றாவது, நான்காவது நாளில் தொடங்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், அடுத்த நிமிடமே சிரிப்பும் வரும். பிரசவமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வருகிறது. இது நோய் இல்லை. ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

இரண்டாவதுதான் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இரண்டு வாரம் தாண்டியும் சோகம் விலகாது. முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இருக்காது. பசி எடுக்காது. குழந்தை தூங்கினாலும் அம்மாவுக்குத் தூக்கம் வராது. "நான் நல்ல அம்மா இல்லை" என்ற குற்ற உணர்வு உள்ளே அரிக்கும். சிலருக்குக் குழந்தை மீது பாசமே வராதது போல இருக்கும். வேறு சிலருக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் விடாமல் துரத்தும். பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம். கர்ப்ப காலத்திலேயே தொடங்கி, பிரசவத்துக்குப் பிறகும் தொடர்வதும் உண்டு.

மூன்றாவது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சிதைவு. டாக்டர்கள் 'போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்' என்பார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கே வரும். ஆனால் வந்தால் வேகமாக முற்றும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். இல்லாத குரல்கள் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, நாள் கணக்கில் தூங்காமல் இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வருவது ஆகியவை இதன் அடையாளங்கள். "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப் போய் நாட்களைக் கடத்துவது இதில்தான் அதிகம். இது உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசர நிலை.

எத்தனை பேருக்கு வருகிறது?

இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2017ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. மொத்தம் 20,043 தாய்மார்களின் விவரங்கள் அதில் இருந்தன. அதன் கணக்குப்படி 22 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு தாய்க்கு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருந்தது.

தமிழ்நாட்டு கிராமங்களைப் பற்றிய ஆய்வும் இருக்கிறது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த 359 பெண்களிடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பேசினார்கள். பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் சந்தித்தார்கள். 2002ல் முடிவுகள் வெளியாகின. கர்ப்ப காலத்தில் நன்றாக இருந்த பெண்களில் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது.

அந்த ஆய்வு அடையாளம் காட்டிய காரணங்களைக் கேட்டால், நம் வீடுகளைப் பற்றியே எழுதியது போல இருக்கும். குறைந்த வருமானம். ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்தபோது பெண் குழந்தை பிறந்தது. மாமியாருடனும் சொந்தப் பெற்றோருடனும் மனக்கசப்பு. கர்ப்ப காலத்தில் நடந்த துயரமான சம்பவங்கள். பிரசவத்துக்குப் பின் வீட்டு வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதது.

ஹார்மோன் மாற்றம், முன்பே மனச்சோர்வு வந்திருப்பது, தூக்கமின்மை ஆகியவையும் காரணங்கள்தான். ஆனால் மேலே இருக்கும் பட்டியலில் முக்கால்வாசி ரத்தப் பரிசோதனையில் தெரியாதவை. யாராவது உட்கார்ந்து, கேட்டு, காது கொடுத்தால் மட்டுமே வெளியே வருபவை.

ஏன் வெளியே சொல்வதில்லை?

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்த நேரத்தில் "எனக்கு மனசு சரியில்லை" என்று எப்படிச் சொல்வது? "தவமிருந்து பெத்த புள்ளைய வெச்சுக்கிட்டு அழலாமா?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பெண் அதற்கப்புறம் வாய் திறக்க மாட்டார்.

"நாங்கல்லாம் அஞ்சாறு பெத்தோம், எங்களுக்கு இதெல்லாம் வரல" என்பது இன்னொரு பூட்டு. அப்போதும் வந்திருக்கும். அதற்கு அன்று பெயர் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

அதனால் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் பேசும். "தலை பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் அசதி", "நெஞ்சு படபடங்குது", "பால் சுரக்கவே மாட்டேங்குது" என்றுதான் பெண்கள் வருகிறார்கள். சிலர் நன்றாக இருக்கும் குழந்தையை மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவார்கள். சத்து மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பிவிட்டால் உண்மையான பிரச்னை அப்படியே இருக்கும். இந்த மொழி பழகிய செவிலியர் "அசதி" என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்.

செவிலியரிடம் இருந்து ஏன் தொடங்க வேண்டும்?

மனநல மருத்துவரிடம் ஒரு தாய் போக வேண்டுமென்றால், முதலில் தனக்குப் பிரச்னை இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வீட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும். அழைத்துப் போக ஆள் வேண்டும். "மனநல டாக்டர்" என்றதும் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தையும் தாண்ட வேண்டும்.

செவிலியர் விஷயத்தில் இந்தத் தடைகள் எதுவும் இல்லை. அவர் ஏற்கெனவே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். கர்ப்பத்தைப் பதிவு செய்ததிலிருந்து பார்த்து வருபவர். மருத்துவமனையில் பிரசவமானால்கூட 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது, பிறந்த குழந்தைகளுக்கான தேசிய வீட்டுப் பராமரிப்புத் திட்டம். அதற்குப் பிறகு 6, 10, 14வது வாரங்களில் தடுப்பூசி. ஒன்பதாவது மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி.

இந்தத் தேதிகளை மனச்சோர்வு வரும் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே காலம். அரசு ஏற்கெனவே தாயையும் செவிலியரையும் நேருக்கு நேர் உட்கார வைத்திருக்கிறது. அந்தச் சந்திப்பு குழந்தைக்காக மட்டுமே நடக்கிறது என்பதுதான் குறை.

எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் படி இரண்டே கேள்விகள். "கடந்த ஒரு மாசமா அடிக்கடி மனசு சோர்வா, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருந்துச்சா?" "எதைச் செஞ்சாலும் ஒரு ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சா?" இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்த படி, எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல். 1987ல் ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்டது. கடந்த ஏழு நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்று பத்து கேள்விகள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்த அம்மாவுக்கும் உடம்பு அசதி இருக்கத்தான் செய்யும். அதனால் இந்த அளவுகோல் அசதியைப் பற்றிக் கேட்காமல் மனநிலையைப் பற்றியே கேட்கிறது. இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2005ல் வெளியானது. அதிக மதிப்பெண் வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. முழுமையான பரிசோதனை தேவை என்று அர்த்தம்.

இதில் பத்தாவது கேள்வி மிக முக்கியம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த ஒரு கேள்விக்கு "எப்போதாவது வந்தது" என்று பதில் வந்தாலே அந்தப் பெண்ணை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றைக்கே மேற்கொண்டு பேச வேண்டும்.

"இதையெல்லாம் கேட்டா அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?" என்ற தயக்கம் பலருக்கு உண்டு. ஆகாது. நேராகவும் கனிவாகவும் கேட்கும்போது, ஒருத்தராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கிறது.

கேள்வியைப் போலவே கேட்கும் இடமும் முக்கியம். மாமியாரும் கணவரும் பக்கத்தில் நிற்கும்போது "வீட்ல எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டால் "நல்லா பாத்துக்கிறாங்க" என்ற பதில்தான் வரும். அனுபவமுள்ள செவிலியர் "அம்மா, நீங்க குழந்தைய கொஞ்சம் வெளிய வெச்சிருங்க, நான் இவங்களுக்குத் தையல் பாக்கணும்" என்பார். கதவு சாத்திய அந்த ஐந்து நிமிடத்தில்தான் உண்மை வெளியே வரும். அடி உதை இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும்.

காது கொடுத்தால் நோய் குணமாகுமா?

மிதமான மனச்சோர்வில், பயிற்சியோடு காது கொடுத்துக் கேட்பதே ஒரு சிகிச்சை.

1989ல் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றின் முடிவுகள் வெளியாகின. வீடு வீடாகப் போய்த் தாய்-சேய் நலம் பார்க்கும் செவிலியர்களுக்கு, அறிவுரை சொல்லாமல் கேட்பதற்கான குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் மனச்சோர்வில் இருந்த தாய்மார்களை வாரம் ஒருமுறை, குறைந்தது அரை மணி நேரம் சந்தித்தார்கள். மொத்தம் எட்டு வாரம். முடிவில் அந்தத் தாய்மார்கள் 26 பேரில் 18 பேர் முழுமையாக மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் மீண்டவர்கள் 9 பேர்தான்.

"அது வசதியான நாடு, இங்கே நடக்குமா?" என்ற கேள்விக்குப் பக்கத்து நாட்டிலேயே பதில் இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதி கிராமங்களில், மனநலத்தில் பட்டம் எதுவும் இல்லாத சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமாக வீடுகளுக்குப் போகும்போதே கர்ப்பிணிகளிடமும் தாய்மார்களிடமும் பேசி, "என்னால முடியாது" போன்ற எண்ணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற உதவினார்கள். 2008ல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது இந்த உதவி கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கே கடுமையான மனச்சோர்வு இருந்தது. வெறும் சந்திப்பு மட்டும் நடந்த மற்ற கிராமங்களில் அது 53 சதவீதம். இந்த முறையை 2015ல் உலக சுகாதார நிறுவனமே கையேடாக வெளியிட்டது.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரே ஆள் மீண்டும் மீண்டும் வந்தார், அவசரப்படாமல் கேட்டார். அவ்வளவுதான். அதற்கு நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும். பல கிராமங்களையும் பல பதிவேடுகளையும் ஒரே ஆளாகச் சுமக்கும் செவிலியரிடம் "இதையும் சேர்த்துப் பாருங்க" என்று மட்டும் சொன்னால் நடக்காது. அந்த நேரத்தைக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

செவிலியர் பராமரிப்பில் என்னென்ன இருக்கும்?

முதலில் உடம்பைச் சரிபார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சகஜம். இரண்டுமே சோர்வையும் மந்தத்தையும் தரும். அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். தையல் வலி, மார்பில் பால் கட்டுவது, காய்ச்சல் போன்றவற்றைக் கவனித்தாலே பாதி பாரம் குறையும்.

அடுத்தது தூக்கம். தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தாய் தூங்குவதற்கு வீட்டாரோடு உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். ராத்திரி ஒரு வேளைப் பாலை முன்கூட்டியே பீச்சி வைத்து, அப்பாவோ பாட்டியோ பாலாடையில் புகட்டலாம். தூக்கம் சரியானால் மற்ற சிகிச்சைகளும் வேகமாகப் பலன் தரும்.

மூன்றாவது, சின்னச் சின்ன வேலைகள். மனச்சோர்வில் இருப்பவரிடம் "தைரியமா இரு" என்பதால் எந்தப் பயனும் இல்லை. "இன்னைக்கு சாயங்காலம் பத்து நிமிஷம் வாசல்ல உக்காருங்க", "தலைக்குக் குளிங்க", "உங்க சிநேகிதிக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி, அடுத்த முறை வரும்போது அதைப் பற்றி விசாரிப்பார்கள்.

நான்காவது, தாய்-சேய் பிணைப்பு. "எனக்கு இந்தக் குழந்தை மேல பாசமே வரல" என்று சொல்லும் தாயைச் செவிலியர் திட்ட மாட்டார். நோய் பேசுகிறது என்று அவருக்குத் தெரியும். குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது, கண் பார்த்துப் பேசுவது, மெதுவாக எண்ணெய் தடவுவது என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பார். "பாருங்க, உங்க குரல் கேட்டதும் திரும்புது" என்று காட்டுவார். பாசம் மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

ஐந்தாவது, மருந்து. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரை தேவைப்படும். "பால் குடுக்கிற அம்மா மாத்திரை போடலாமா?" என்பதுதான் எல்லா வீடுகளிலும் வரும் கேள்வி. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ராலின் அவற்றில் ஒன்று. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லி, நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது செவிலியரின் வேலை.

மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தையைப் பிரிப்பார்களா?

பல குடும்பங்கள் மனநலச் சிகிச்சைக்குத் தயங்க இந்தப் பயமும் ஒரு காரணம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன் 21வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. சிகிச்சைக்காக அனுமதிக்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து இருப்பதாக மனநல மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையோடு தாய் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும். அந்த முடிவை 15 நாட்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் செயல்படுகிறது. இப்படிப்பட்ட பிரிவில் மனநலச் செவிலியரின் கண் ஒரே நேரத்தில் இருவர் மீதும் இருக்க வேண்டும். தாய்க்கு மருந்து, தூக்கம், பாதுகாப்பு. குழந்தைக்குப் பால், எடை, தடுப்பூசி. முதலில் செவிலியர் பக்கத்திலேயே இருக்க, தாய் குழந்தையைக் குளிப்பாட்டுவார். பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார். தாய் தனியாகச் சமாளிக்கும் நாள் வரும்போதுதான் வீட்டுக்கு அனுப்புவது பற்றிய பேச்சு வரும்.

தாய் வீடு டூ மாமியார் வீடு: எங்கே அறுந்து போகிறது?

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வரும் பெண், பிரசவம் முடிந்து மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ கணவர் வீட்டுக்குத் திரும்புவார். தாய் வீட்டில் பத்தியச் சாப்பாடு, வெந்நீர், குழந்தையைத் தூக்க ஆள் என்று கவனிப்பு இருக்கும். திரும்பிய மறுநாளே சமையலும் துவைப்பதும் தலையில் விழும். மனச்சோர்வு தலைதூக்க ஏற்ற நேரம் அது.

அதே நேரத்தில்தான் அவரை அறிந்த செவிலியரும் மாறிவிடுகிறார். ஒரு ஊர் செவிலியர் பார்த்துப் பழகி, ஏதோ சரியில்லை என்று ஊகித்து வைத்திருப்பார். அந்தப் பெண் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். புது ஊர் செவிலியரிடம் போவது தடுப்பூசி அட்டை மட்டும்தான். அம்மாவின் மனசு பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

இதற்குத் தீர்வு பெரிய விஷயம் இல்லை. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, ஊர் மாறும்போது பழைய செவிலியர் புது ஊர் செவிலியருக்கு ஒரு போன் செய்யலாம். "இந்தத் தேதிக்கு ஊசிக்கு வருவாங்க, கொஞ்சம் தனியா பேசிப் பாருங்க." ஒரு நிமிடத்தில் முடியும் இந்தப் பேச்சு, அறுந்து போக இருந்த இழையை முடிச்சுப் போட்டுவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* "ஏன் அழற?" என்பதற்குப் பதில் "நான் குழந்தைய பாத்துக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்று சொல்லுங்கள்.
* குழந்தையின் நிறம், எடை, ஆணா பெண்ணா என்ற பேச்சை விருந்தாளிகள் எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.
* "பால் பத்தல" என்று மற்றவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் செவிலியரிடம் கேளுங்கள்.
* கணவர்கள் ராத்திரி ஒரு முறையாவது எழுந்து குழந்தையைத் தூக்குங்கள். டயப்பர் மாற்றுவது, துணி துவைப்பது எல்லாம் "உதவி" இல்லை, உங்கள் வேலையும்தான்.
* "உனக்கு என்ன குறை?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம்.

எப்போது உடனே போக வேண்டும்?

சாவைப் பற்றிப் பேசினால், "நான் இல்லாம இருந்தா குழந்தைக்கு நல்லது" என்று சொன்னால், குழந்தையைக் காயப்படுத்தும் எண்ணம் வருவதாகச் சொன்னால், இல்லாத குரல் கேட்டால், இரண்டு மூன்று நாட்களாகத் துளியும் தூங்காமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல், மனநலப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். வண்டி இல்லையென்றால் 108ஐ அழைக்கலாம்.

அவசரம் இல்லாத நிலையில், முதலில் பகுதி சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஆலோசனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சேவையும் இருக்கிறது.

மீண்டும் அந்தப் புதன்கிழமை காலைக்கே வருவோம். "நீ எப்படிம்மா இருக்க?" என்று செவிலியர் கேட்டதும் அந்தப் பெண் உடனே மனம் திறந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொள்ளலாம். ஆனால் பத்தாவது வாரமும் ஊசி இருக்கிறது. பதினான்காவது வாரமும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே செவிலியர் அதே கேள்வியைக் கேட்டால், ஏதோ ஒரு புதன்கிழமை பாட்டியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே பேச ஆரம்பிப்பார்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், அடுத்த முறை பார்க்கப் போகும்போது குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன் அதன் அம்மாவைக் கேளுங்கள். "நீ எப்படி இருக்க? ராத்திரி தூங்குனியா?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.